பானட்டைத் திறக்க வருகிறவள்

"கயித்தை விட்டுடாதீங்க மாமா. விட்டா என் நெஞ்சு தூள்."

காருக்கு அடியிலிருந்து குரல் மட்டும்தான் வந்தது. குரலுக்குச் சொந்தக்காரனின் இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மிச்ச ஆள் உள்ளே மல்லாந்து கிடந்தான். அவன் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே, ஒரு சிமெண்ட் மூட்டையின் கனத்தில், கியர் பாக்ஸ் ஒன்று அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கியிருந்த ஜாக்கி வழுக்கிப் பக்கத்தில் சாய்ந்துவிட்டது. இப்போது தாங்குவது ஒரே ஒரு கயிறு. காரின் தரையில் காலையில் அறுத்த ஓட்டை வழியாகக் கயிறு மேலே வந்தது. அதன் மறுமுனையை, முன்சீட்டில் மண்டியிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்திருந்தார் கண்ணாடிக்காரர்.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். எறும்புக் கால் பருமனுள்ள திருகுகளைப் பிடித்துப் பழகிய விரல்கள். கயிறு இழுக்கும் சோலிக்கும் அவற்றுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

"பிடிச்சிருக்கேன் மாப்ளே."

"பிடிச்சிருக்கீங்களா, பிடிச்ச மாதிரி நினைச்சுட்டு இருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்னு சொல்றேன்ல."

"அப்புறம் ஏன் இது கீழ வந்துட்டே இருக்கு?"

கண்ணாடிக்காரர் ஒரு காலை டாஷ்போர்டில் உதைத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தார். கயிறு உள்ளங்கையை அறுத்தது. கீழே ஜாக்கி உருளும் சத்தம், ஒரு கெட்ட வார்த்தை, நெம்புகோலை அடிக்கும் சத்தம். அப்புறம் கயிறு லேசானது.

"ஏத்திட்டேன். இறங்குங்க மாமா. சொத்தையெல்லாம் உங்க பேருக்கு எழுதி வச்சிட்டுத்தான் அடுத்த தடவை அடியில படுக்கணும்."

கண்ணாடிக்காரர் எரிந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டே இறங்கினார். கியர் பாக்ஸ் மட்டும் விழுந்து நாசமாகி, மைத்துனன் ஒரு கீறல் இல்லாமல் தப்பிக்கிற மாதிரி ஏதாவது வழி இருந்திருந்தால், அவர் கயிற்றை எப்போதோ விட்டிருப்பார்.

ஏனென்றால் அந்தக் கியர் பாக்ஸ் காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டால், இன்று சாயங்காலம் அவர் மனைவி ஊரை விட்டுப் போய்விடுவாள்.

கார் அவருடைய வயதுக்கு அண்ணன். உருண்டை முகப்பு, சோபா மாதிரி ஒரே நீளமாக முன்சீட்டு, கியர் கம்பி ஸ்டீயரிங்கின் பக்கவாட்டில். மொத்தம் மூன்றே கியர். ஊருக்குள் ராஜா. ஊரைத் தாண்டிய ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் போனால், மூன்றாவது கியரிலேயே கத்திக் கதறி, ஆவி விட்டு, ஓரமாக நின்றுவிடும். அதனால் பாலத்துக்கு அப்பால் அது போனதே இல்லை. அவரும்தான்.

இது போக, அதற்கு இன்னொரு வியாதி இருந்தது. ஸ்டீயரிங் தண்டின் அடியில், எஞ்சினை ஒட்டி, கியரை மாற்றும் இரண்டு கம்பிகள் உண்டு. அவசரமாக முதலிலிருந்து இரண்டாவதுக்குத் தட்டினால், இரண்டும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். கியர் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. கார் நட்ட நடு ரோட்டில் மாடு மாதிரி நிற்கும். யாராவது இறங்கி, பானட்டைத் திறந்து, உள்ளே கையை விட்டு, மாட்டிய கம்பியை இரண்டு விரலால் தள்ளிவிட வேண்டும். ஒரு 'டக்'. கார் மறுபடியும் மனுஷனாகிவிடும்.

அந்த யாராவது அவள்தான்.

அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிறவள். இறங்கிப்போன தோள்பட்டை, மடங்க மறுக்கும் முழங்கால், திரும்பாத கழுத்து எல்லாம் அவள் கைக்கு அடங்கும். கல்யாணமான புதிதில் கார் முதல் முறை மாட்டிக்கொண்டபோது, அவள்தான் இறங்கி, பானட்டைத் திறந்து, பார்க்காமலே உள்ளே கை விட்டாள். "தோள்பட்டை இறங்கியிருக்கு, வேற ஒண்ணுமில்லை," என்றாள். 'டக்'. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "பேஷண்ட் எழுந்துட்டார், போங்க," என்று கையசைத்தாள். சந்திப்பில் நின்ற டிராஃபிக் போலீஸ்காரர் அன்றையிலிருந்து அவளைக் கார் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

பிரிந்த பிறகும் அது தொடர்ந்தது.

பிரிந்தது என்றால் பெரிய சண்டை, பாத்திரம் பறந்தது என்று எதுவும் இல்லை. கண்ணாடிக்காரரிடம் இருந்த ஒரே வியாதி, எதைக் கேட்டாலும் 'உன் இஷ்டம்' என்பது. ஜன்னலுக்கு என்ன நிறத் திரை? உன் இஷ்டம். வாடகை வீடா, சொந்த வீடா? உன் இஷ்டம். குழந்தை வேண்டும் என்று இன்னும் டாக்டர்களிடம் அலையலாமா, போதும் என்று விட்டுவிடலாமா? அதற்கும் உன் இஷ்டம். கடையில் நாள் முழுக்க வருகிறவர்களின் கண்ணில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிற மனிதர், வீட்டுக்கு வந்தால் ஒன்றைக்கூடத் தெளிவாகச் சொல்ல மாட்டார்.

"எனக்குன்னு ஒரு ஆசை, உங்களுக்குன்னு ஒரு ஆசை இருந்து, ரெண்டும் முட்டிக்கிட்டாத்தாங்க அது வீடு," என்றாள் ஒரு நாள். "நான் தனியாவே ரெண்டு பேருக்கும் ஆசைப்பட்டு ஓஞ்சு போயிட்டேன்."

பையோடு வாசலில் வெகுநேரம் நின்றாள். அவர் ஏதாவது கேட்பார் என்று நின்றிருக்க வேண்டும். அவர் கேட்டார். "குடை எடுத்துக்கிட்டியா?"

அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அதே ஊர், நாலைந்து தெரு தள்ளி.

அதற்கப்புறம் கார் அடிக்கடி நிற்க ஆரம்பித்தது. அவர் போன் செய்வார். "கார் நின்னுடுச்சு." எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் ஸ்கூட்டரில் வருவாள். ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "எங்கடா வலிக்குது?" என்று காரைத்தான் கேட்பாள். 'டக்'. அப்புறம் மறுபடியும் மாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும் என்ற சாக்கில் முன்சீட்டில் ஏறி உட்காருவாள். அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவளை ஸ்கூட்டர் பக்கத்தில் இறக்கிவிடுவார். நீளச் சீட்டில் இருவருக்கும் நடுவே ஒன்றும் இருக்காது. வளைவில் திரும்பும்போது அவள் தோள் அவர் தோளில் பட்டு விலகும். அந்த ஒரு வளைவுக்காகவே அவர் சந்தைப் பக்கமாகச் சுற்றுவார். பேச்சு என்னமோ மழை, பெட்ரோல், ஆஸ்பத்திரி லிஃப்ட் என்றுதான் போகும்.

மெக்கானிக்கான மைத்துனனுக்கு இந்த நாடகம் பிடிக்கவில்லை.

"ரெண்டு விரல்ல தள்ளுற வேலை, மாமா. நீங்களே செய்யலாம்."

"எனக்கு அது சிக்க மாட்டேங்குது மாப்ளே."

"கண்ணுக்கே தெரியாத ஸ்க்ரூவெல்லாம் சிக்குது, என் முழங்கை நீளக் கம்பி சிக்கலையாக்கும்."

அப்புறம்தான் அவன் ஒரு நாள் கடைக்கு வந்து, சோதனை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, குண்டைப் போட்டான்.

"மாமா, ஒரு அஞ்சு கியர் பாக்ஸ் வந்திருக்கு. இப்பத்த காரோடது. நம்ம ஷெட்டுல இடத்தை அடைச்சுட்டுக் கிடக்கு. உங்க கார்ல மாட்டிடறேன். ஸ்டீயரிங் கியரைக் கழட்டிக் கடாசிட்டு, தரையில கம்பி. வெண்ணெய் மாதிரி விழும். இனிமே ஜென்மத்துக்கும் மாட்டாது."

"எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"எங்க அக்கா நடு ரோட்டுல நின்னு பானட் திறந்தது போதும், அதுக்குத்தான்."

அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அக்காவைக் கத்தரித்து விடுகிறான். மாட்டாத கார் என்றால் போன் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது, சந்தை வளைவு கிடையாது. மறுக்க வாயைத் திறந்தார். என்ன சொல்லி மறுப்பது? கார் மாட்டிக்கொள்வது எனக்கு வேண்டும் என்றா?

"உன் இஷ்டம்," என்றார்.

அதே வாரம் அவள் போன் செய்தாள். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறதாம். தனிப் பிரிவு, அவளே தலைமை.

"போகட்டுமா?" என்று கேட்டாள்.

சொல்லத் தேவையில்லை. அவர் அதையேதான் சொன்னார்.

அப்புறம் அவள், "சரி. ஆனா உங்க கார் சரியாகிற வரைக்கும் நான் நகர மாட்டேன். அந்தக் கார்லதான் நீங்க என்னை ஸ்டேஷன்ல விடணும். கார் ரெடி இல்லேன்னா ரயில் ஏற மாட்டேன்," என்றாள். சொன்னதைச் செய்கிறவள்.

ஆக விஷயம் இவ்வளவுதான். கார் ரெடியானால் அவள் போவாள். ஆகாவிட்டால் மாட்டாள். சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. கியர் பாக்ஸ் இன்னும் காருக்கு அடியில், ஜாக்கியின் மேல்.

"மாமா, டார்ச்சை எடுத்துட்டு இப்படி வாங்க." காருக்கு அடியிலிருந்து மறுபடியும் குரல். "உங்க கண்ணு வேணும்."

கண்ணாடிக்காரர் ஷெட்டின் எண்ணெய்த் தரையில் ஒரு கோணியை விரித்துப் படுத்து, மைத்துனன் பக்கத்தில் நகர்ந்தார். வாழ்க்கையில் அந்த இரண்டு பேரும் அவ்வளவு நெருக்கமாகப் படுத்தது அன்றுதான்.

"கவனமாக் கேளுங்க. இந்தப் பாக்ஸோட மூக்கு மாதிரி ஒரு தண்டு முன்னாடி நீட்டிட்டு இருக்கு பாருங்க. அது முதல்ல கிளட்ச் பிளேட்டோட நடு ஓட்டையில நுழையணும். அதைத் தாண்டி, எஞ்சின் பக்கம் ஒரு பித்தளை வளையம் இருக்கு, அதுல போய் உக்காரணும். ரெண்டு ஓட்டையும் ஒரே நேர்ல இருந்தா, பாக்ஸ் கை தள்ளினதுக்கே உள்ள போயிடும். நூலளவு விலகி இருந்தாலும் கடைசியில முட்டிட்டு நிக்கும். பிளேட்டை நான் ஒரு மரக்கட்டையைச் செருகித்தான் நடுவுல நிறுத்தினேன். இந்தச் சந்து வழியாப் பார்த்து, நேரா இருக்கான்னு சொல்லுங்க."

கிளட்சை மூடிய இரும்புக் கூட்டின் பக்கவாட்டுச் சந்தில் டார்ச்சை அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார் கண்ணாடிக்காரர்.

இது அவருடைய சொந்த நாடு. ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். லென்ஸின் மையம் கண்மணியின் மையத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. இங்கே பிளேட்டின் ஓட்டைக்குப் பின்னால் பித்தளை வளையம் மின்னியது. கீழ்ப்பக்கம் மட்டும், நகம் வெட்டிப் போட்ட துண்டு மாதிரி, மெல்லிய கறுப்புப் பிறை ஒன்று. பிளேட் விலகியிருந்தது. ஜாக்கி வழுக்கியபோது கியர் பாக்ஸின் மூக்கு இடித்திருக்க வேண்டும்.

பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

"என்ன மாமா, நேரா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு மாப்ளே."

சொன்ன பிறகு அவர் காது சூடானது.

மைத்துனன் பாக்ஸைத் தூக்கிப் பொருத்தித் தள்ளினான். தண்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கடைசி விரல் அகலத்தில் 'டொக்' என்று நின்றது. வெளியே இழுத்தான். லேசாகச் சுற்றித் தள்ளினான். 'டொக்'. ஜாக்கியை ஒரு பல் ஏற்றினான். 'டொக்'. ஒரு பல் இறக்கினான். 'டொக்'. ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் சடசடத்தது. அவன் நெற்றி வேர்வை எண்ணெயோடு கலந்து காதுக்குள் வடிந்தது. கண்ணாடிக்காரர் டார்ச்சைப் பிடித்தபடி, கேட்டதற்கெல்லாம் "ம்" போட்டுக்கொண்டு படுத்திருந்தார். வெளியே வெயில் சாய்ந்துகொண்டே போனது. மனதுக்குள் ரயில் ஒன்று அவள் இல்லாமல் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி வரைக்கும் பார்த்தார். எந்த ஜன்னலிலும் அவள் இல்லை.

மைத்துனன் ஊர்ந்து வெளியே போய், நீளமான நாலு போல்ட்டுகளோடு திரும்பி வந்தான்.

"இதெதுக்கு?"

"போல்ட்டை மாட்டி முறுக்கி இழுத்துடறேன். வேற வழியில்லை."

"கையாலேயே போகணும், போல்ட்டால இழுத்தா பாக்ஸுல போல்ட் மாட்டற காது உடைஞ்சிடும்னு காலையில நீதானே சொன்னே?"

"சொன்னேன். நான் கத்துக்கிட்ட நாள்லேர்ந்து செஞ்சதும் இல்லை. என்ன பண்றது, நேரம் ஆகுதே. உடைஞ்சா உடையட்டும்."

"உடைஞ்சா?"

"உடைஞ்சா இந்தப் பாக்ஸ் பழைய இரும்புக்குத்தான். இந்த அளவுல இன்னொண்ணு தேடி எடுக்கறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்." முதல் போல்ட்டைக் கையால் திருகிக்கொண்டே, பாதி தனக்குள் பேசுகிற மாதிரி சொன்னான். "அக்கா யார்கிட்டயும் வாயைத் திறந்து ஒண்ணு வேணும்னு கேட்டவ இல்லை. அவ கேட்டது இந்த ஒரே ஒரு கார். அதையும் நான் சொதப்பறேன்."

ஸ்பேனர் போல்ட்டின் தலையில் உட்கார்ந்தது. ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் கியர் பாக்ஸின் அலுமினிய உடம்பு எங்கேயோ கிறீச்சென்று முனகியது.

கண்ணாடிக்காரர் அந்த முனகலைக் கேட்டார். இன்னும் இரண்டு சுற்று. ஒரு விரிசல். அப்புறம் பழைய மூன்று கியர் திரும்பிவிடும், போன் திரும்பிவிடும், சந்தை வளைவு திரும்பிவிடும். அவர் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சும்மா இருந்துதான் அவளை வாசல் வரைக்கும் அனுப்பினார்.

"நிறுத்து மாப்ளே."

"என்ன?"

"இழுக்காதே. பிளேட் விலகியிருக்கு. கீழ்ப்பக்கமா, மயிரிழை. அதான் முட்டுது."

மைத்துனன் ஸ்பேனரை நெஞ்சின் மேல் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பினான். இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு முழம்தான்.

"இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா?"

"அப்பவே தெரியும்."

"அப்பவே தெரியுமா?"

"ம்."

திட்டு விழும் என்று அவர் காத்திருந்தார். மைத்துனன் மல்லாந்து, காரின் அடிவயிற்றைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். சத்தமில்லாமல், வயிறு மட்டும் குலுங்க.

"பரவாயில்லை மாமா. உங்களுக்கும் ஒரு ஆசை இருந்து, அதுக்காக ஒரு பொய் சொல்ற அளவுக்கு வந்துட்டீங்க. முன்னேற்றம்தான்."

"திட்டறதுன்னா திட்டிடு."

"திட்டி என்ன ஆகப்போகுது, நேரம் இல்லை. போல்ட்டைக் கழட்டிப் பாக்ஸைப் பின்னால இழுத்துடறேன், அந்த மரக்கட்டையை எடுங்க. நீங்க சந்துல பார்த்துச் சொல்லுங்க, நான் தட்டறேன். இந்த வாட்டி உண்மையைச் சொல்லுங்க."

"கொஞ்சம் மேல. இன்னும். போதும், இப்ப இடது பக்கம் ஒரு தட்டு. மெதுவா. நில்லு."

கறுப்புப் பிறை தேய்ந்து, நூலாகி, இல்லாமல் போனது. வட்டத்துக்குள் வட்டம். இத்தனை காலத் தொழிலில் ஒரு மையத்தை அவர் இவ்வளவு வருத்தத்தோடு பொருத்தியதில்லை.

மைத்துனன் இரண்டு கைகளாலும் தள்ளினான். இந்த முறை 'டொக்' இல்லை. ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம். கியர் பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. லேத்துக்குப் போய் நீளம் குறைத்து வந்திருந்த பெரிய ஷாஃப்ட்டைப் பின்சக்கரங்களோடு மாட்டினான். எண்ணெய் ஊற்றினான். தரை ஓட்டையைச் சுற்றி ரப்பர் உறை போட்டுத் திருகினான். ஸ்டீயரிங்கின் பக்கவாட்டில் கியர் கம்பி இருந்த இடத்தில் இப்போது ஒரு மூடி. புதுக் கம்பி தரையிலிருந்து எழுந்து, நீளச் சீட்டின் நடுவில், சந்தை வளைவில் அவள் முழங்கால் இருக்கும் இடத்தில் சரியாக வந்து நின்றது.

கண்ணாடிக்காரர் கிளட்சை மிதித்துத் தட்டிப் பார்த்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து. எதிலும் ஒரு சின்னத் தடங்கல்கூட இல்லை. பாழாய்ப்போன வெண்ணெய்.

மைத்துனன் வீட்டு வாசலில் அவள் இரண்டு பெட்டிகளோடு நின்றிருந்தாள். கார் தெருமுனை திரும்பி வரும்போதே அவள் தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டாள். பெட்டிகளை டிக்கியில் வைத்தார். முன்கதவைத் திறந்து ஏறியவள் புதுக் கம்பியைப் பார்த்தாள். அதற்கு இடம் விட்டு, கதவோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சட்டையெல்லாம் ஒரே எண்ணெய்," என்றாள்.

"அடியில படுத்திருந்தேன்."

"நீங்களா?"

"கண்ணு வேணும்னான் உன் தம்பி."

கார் தெருவைத் தாண்டியது. சந்திப்பில் சிக்னல் விழுந்து, பச்சை வந்ததும், முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினார். எப்போதும் மாட்டிக்கொள்ளும் இடம். அவர் கை தன்னையறியாமல் ஒரு நொடி தயங்கியது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. டிராஃபிக் போலீஸ்காரர் ஓடும் காரில் அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, "என்ன டாக்டரம்மா, பேஷண்ட் பிழைச்சுட்டாரா?" என்று கேட்டார்.

"டிஸ்சார்ஜ் பண்ணியாச்சு," என்றாள் அவள் ஜன்னல் வழியாக.

கண்ணாடிக்காரர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஸ்டேஷனுக்கு நேர் வழி இருந்தது. அவர் சந்தைப் பக்கமாகச் சுற்றினார். அவள் அதைக் கவனித்தாள். வளைவு வந்தது. அவள் உடம்பு சாய்ந்தது, கம்பி வரைக்கும் வந்து, ஒரு கையை ஊன்றிக்கொண்டு, திரும்ப நிமிர்ந்தது.

"அஞ்சாவது போட்டுப் பார்த்தீங்களா?"

"நிக்க வச்சுப் பார்த்தேன். ஊருக்குள்ள அஞ்சாவதுக்கு ரோடு எங்க இருக்கு? நாலாவதுக்கே வேலை வரல."

"ஊருக்குள்ள இல்லைதான்," என்றாள்.

ஸ்டேஷன் வாசலில் ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. சக்கரம் வைத்த பெட்டிகள் கடகடத்து ஓடின. யாரோ யாரையோ கட்டிக்கொண்டார்கள். ஒலிபெருக்கியில் புரியாத ஒரு குரல். அவள் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள், ஆனால் திறக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயில் அந்த வாக்கியம் வந்ததில்லை.

"கேளுங்க."

"இந்தக் கார் இனிமே நிக்காது."

"அது கேள்வி இல்லையே."

"இரு, வர்றேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, எண்ணெய்ச் சட்டையிலேயே துடைத்து, இன்னும் அழுக்காக்கி, மாட்டிக்கொண்டார். "இன்னிக்கு நான் ஒரு பொய் சொன்னேன். பாக்ஸ் உள்ள போகக் கூடாதுன்னு. கார் ரெடியாகலேன்னா நீ போக மாட்டேன்னுதானே சொல்லியிருந்தே. நீ போகக் கூடாதுன்னு எனக்கு இருந்தது. இப்பவும் இருக்கு."

அவள் கை கைப்பிடியிலிருந்து இறங்கி மடிக்கு வந்தது.

"நீ போ. அந்த வேலைக்கு நீ போகாம யார் போவா. அதில்லை நான் கேக்கறது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "கார் நல்லா ஓடிட்டு இருக்கும்போதே நான் உன்னைக் கூப்பிட்டா, வருவியா? காரணம் ஒண்ணும் இருக்காது. எனக்கு உன்னைப் பார்க்கணும்னு இருக்கும், அவ்வளவுதான்."

அவள் நேரே, காரின் முன்கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள்.

"மாட்டேன்," என்றாள்.

'உன் இஷ்டம்' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் அதை விழுங்கினார்.

"ஏன்?"

"இத்தனை நாளும் நான்தானே வந்தேன். வெயில், மழை, டூட்டி நடுவுல எல்லாம் ஸ்கூட்டரை எடுத்துட்டு. ஒரு தடவையாவது நீங்க என்னைத் தேடி வந்தீங்களா? இனிமே நான் வர மாட்டேன். நீங்க வாங்க."

"அவ்வளவு தூரமா? மலையைத் தாண்டியா? இந்தக் கார்ல பாலத்தைத் தாண்டினாலே..."

அவர் பாதியில் நிறுத்தினார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கண்ணோரம் மட்டும் நனைந்திருந்தது.

"தம்பி ஒண்ணுமே சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

"நல்ல பையன். சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். நீங்களா வாயைத் திறந்து ஏதாவது கேட்டாத்தான் சொல்றது, இல்லேன்னா கடைசி வரைக்கும் தெரியவே வேண்டாம்னு."

அவள் கையை நீட்டி, அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்ற கம்பியின் உருண்டைத் தலையைப் பிடித்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுட்டு, பழைய சாமான் கடை கடையா ஏறி இறங்கி, மலை ஏறுற பாக்ஸாக் குடுங்கன்னு கேட்டு இதை வாங்கினது நான்தாங்க."